லித்தியம் பேட்டரி: அறிகுறியைக் கொண்டு பிழையைக் கண்டறிந்து நீக்கும் வழிமுறை

மறுமுறை சார்ஜ் ஏற்றக்கூடிய லித்தியம் பேட்டரிகள் காட்டும் அறிகுறிகளை முதலில் இரண்டாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். சார்ஜ் ஏறாமை, மெதுவாக ஏறுதல், பாதியில் அணைந்துபோதல் போன்றவை பெரும்பாலும் சார்ஜர், கேபிள், தொடுமுனை, பாதுகாப்புச் சுற்று (வரம்பு மீறும்போது பேட்டரியின் இணைப்பைத் துண்டிக்கும் சிறு மின்சுற்று) ஆகியவற்றில் உள்ள கோளாறுகள். இவற்றை ஒவ்வொன்றாகச் சோதித்துச் சரிசெய்துவிடலாம். உப்புதல், கசிவு, புதிதாக எழும் நெடி, பயன்படுத்தாமல் வைத்திருக்கும்போதும் குறையாத சூடு ஆகியவை செல்லுக்குள்ளேயே நேர்ந்துவிட்ட கேட்டின் அடையாளங்கள். இவற்றைச் சரிசெய்யும் வழி எவரிடமும் இல்லை. பேட்டரியைப் பழுது பார்ப்பதாகச் சொல்லிக்கொண்டு நேரும் விபத்துகள் பலவும் இரண்டாவது வகையை முதல் வகை என்று எண்ணிக்கொள்வதால் நேர்பவையே என்பதால், இங்கே ஆபத்தான அறிகுறிகள் முன்னால் வைக்கப்பட்டுள்ளன.

சோதனைக்கு முன் தெரிந்திருக்க வேண்டிய எண்கள்

ஒரு சாதாரண மல்டிமீட்டரும், பேட்டரியின் உறையில் அச்சிட்டிருப்பதைப் படிக்கும் பொறுமையும் இருந்தால் இந்த வழிமுறைக்குப் போதும். உறையில் முதலில் பார்க்க வேண்டியது வேதியியல் வகை. மடிக்கணினி, பவர் பேங்க், துளைக்கருவி முதலியவற்றில் பரவலாக உள்ள லித்தியம் அயனி செல் ஒன்றின் பெயரளவு மின்னழுத்தம் 3.6 அல்லது 3.7 வோல்ட், முழுச் சார்ஜில் அது 4.2 வோல்ட்டை எட்டும். அண்மைக்காலக் கைப்பேசிகளின் செல்களில் இந்த மேல் வரம்பு 4.35 வோல்ட்டுக்கும் மேலே இருப்பதுண்டு. லித்தியம் இரும்பு பாஸ்பேட் செல்லுக்குப் பெயரளவு 3.2 வோல்ட், முழுச் சார்ஜில் 3.65 வோல்ட். சிஆர்2032 போன்ற பொத்தான் செல்களும் லித்தியம் வகையைச் சேர்ந்தவைதாம். ஆனால் அவை ஒருமுறை மட்டுமே பயன்படுபவை. அவற்றில் சார்ஜ் ஏற்ற முயலவே கூடாது.

பெயரளவு எண்ணை மட்டும் நம்பிச் சார்ஜரைத் தேர்ந்தெடுப்பது எத்தனை ஆபத்தானது என்பதற்கு "12 வோல்ட்" என்ற பெயரே சான்று. லித்தியம் அயனி செல்கள் மூன்றைத் தொடராக இணைத்த பேட்டரியும் 12 வோல்ட் என்றே விற்கப்படுகிறது. இரும்பு பாஸ்பேட் செல்கள் நான்கைத் தொடராக இணைத்ததும் அதே பெயரில் விற்கப்படுகிறது. முன்னதன் முழுச் சார்ஜ் 12.6 வோல்ட், பின்னதன் முழுச் சார்ஜ் 14.6 வோல்ட். பின்னதன் சார்ஜரை முன்னதில் மாட்டினால் ஒவ்வொரு செல்லும் 4.8 வோல்ட்டைத் தாண்டிச் செல்ல நேரும். அப்போது இடையில் நின்று தடுக்கக்கூடியது பாதுகாப்புச் சுற்று ஒன்றுதான். மின்மிதிவண்டிகளிலும் இதே சிக்கல் உண்டு. 36 வோல்ட் பேட்டரியில் வழக்கமாகப் பத்து செல் வரிசைகள் தொடராக இணைந்திருப்பதால் அதன் சார்ஜர் 42 வோல்ட் தர வேண்டும். 48 வோல்ட் பேட்டரியில் பெரும்பாலும் பதின்மூன்று வரிசைகள் இருப்பதால் அதன் சார்ஜர் 54.6 வோல்ட் தரும். இரண்டுக்கும் ஒரே வடிவ முள் பொருத்தியிருந்தால் ஒன்றின் சார்ஜர் மற்றதில் தடையின்றிப் பொருந்திவிடும். ஆகவே, சார்ஜரின் அடியில் உள்ள வெளியீட்டு எண்ணைப் பேட்டரியின் முழுச் சார்ஜ் எண்ணோடு ஒப்பிட்டுப் பார்ப்பதே எந்தச் சோதனைக்கும் முதல் படியாகும்.

அறிகுறி: பேட்டரி உப்பியிருக்கிறது

கைப்பேசியின் திரை ஓரத்தில் மெல்லிய இடைவெளி தெரிவது, மடிக்கணினியின் தொடுபலகை அழுந்த மறுப்பது, மேசைமேல் வைத்த கருவி தட்டையாக உட்காராமல் சுழல்வது ஆகியவை உள்ளே பேட்டரி உப்பிவிட்டதைக் காட்டும் முதல் தடயங்கள். செல்லுக்குள் அயனிகளைக் கடத்தும் திரவமான மின்பகுளி பெரும்பாலும் கரிமக் கரைப்பானால் ஆனது. மிகைச் சார்ஜ், நெடுநேரச் சூடு, முதுமை ஆகியவற்றால் அது சிதையும்போது கார்பன் டை ஆக்சைடு, கார்பன் மோனாக்சைடு, ஹைட்ரஜன், எத்திலீன் போன்ற வாயுக்கள் உண்டாகின்றன. பை வடிவச் செல்லின் மெல்லிய அலுமினிய உறை அந்த வாயுக்களைத் தாங்கிக்கொண்டு வீங்குகிறது. உருளை வடிவச் செல்லின் எஃகுக் கூடு அவ்வாறு வீங்காது என்பதால், உருளைச் செல்கள் உப்பாமல் இருப்பதை நலமாக இருப்பதன் சான்றாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

உப்பலைக் கண்டவுடன் சார்ஜரைக் கழற்றிவிட்டுக் கருவியை அணைக்க வேண்டும். கழற்றும் வகையிலான பேட்டரி எளிதாக வெளியே வந்தால் எடுத்துவிடலாம். சிக்கிக்கொண்டிருந்தால் நெம்பி எடுக்க முயலாமல் கருவியோடு சேர்த்தே பழுதுநீக்குநரிடம் ஒப்படைப்பது நல்லது. ஏனெனில், கூர்முனையுள்ள உலோகக் கருவி உறையைக் கிழித்து உள்ளிருக்கும் மின்முனைத் தகடுகளை ஒன்றோடொன்று தொடச் செய்துவிட்டால், அடுத்த சில நொடிகளில் நடப்பதை எவராலும் நிறுத்த முடியாது. வாயுவை வெளியேற்றுவதற்காக ஊசியால் துளையிடலாம் என்ற யோசனை காணொளிகளில் தட்டுப்படுவதுண்டு. இதைவிடக் கேடான யோசனை இந்தத் துறையில் வேறு இல்லை. உப்பிய பேட்டரியின் முனைகளில் இன்சுலேஷன் டேப் ஒட்டி, உலர்ந்த மணல் நிரப்பிய உலோகப் பாத்திரத்தில் இட்டு, எரியும் பொருள்கள் அருகில் இல்லாத திறந்த வெளியில் வைக்க வேண்டும். பாத்திரத்தைக் காற்றுப்புகாமல் மூடக் கூடாது.

அறிகுறி: நெடி, சீறல், புகை

சிதையும் மின்பகுளியின் வாடை நகப்பூச்சு நீக்கியின் வாடையைப் போல இனிப்பும் காரமும் கலந்து வரும். அத்தகைய வாடை பேட்டரிப் பக்கமிருந்து வந்தாலோ, வெடிப்பொலியோடு சீறல் கேட்டாலோ, சோதிப்பதற்கான நேரம் முடிந்துவிட்டது என்று பொருள். செல்லின் உள்வெப்பம் ஏறத்தாழ 130 பாகை செல்சியஸை எட்டும்போது மின்முனைகளுக்கு இடையிலுள்ள பாலிஎத்திலீன் படலம் உருகத் தொடங்குகிறது. அதன்பின் உள்ளே நேரும் வினைகள் தாமே வெப்பத்தை உண்டாக்கிக்கொண்டு, ஒரு செல்லிலிருந்து அடுத்த செல்லுக்குத் தொற்றிச் செல்கின்றன. வெளியேறும் வெண்புகை வெறும் நீராவி போலத் தோன்றினாலும் தீப்பற்றக்கூடியது, நச்சுடையது. மின்பகுளியில் உள்ள ஃபுளூரின் சேர்மங்களிலிருந்து உண்டாகும் ஹைட்ரஜன் ஃபுளூரைடும் அதில் இருக்கும்.

அறையிலிருப்பவர்கள் வெளியேறுவது, கதவைச் சாத்துவது, தீயணைப்புத் துறையை அழைப்பது என்ற வரிசையில் செயல்பட வேண்டும். எரியும் கருவியைக் கையில் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடுவது பலருக்கும் இயல்பாக எழும் உந்துதல். தீக்காயங்கள் நேர்வதும் அப்படித்தான். லித்தியம் என்ற பெயரைக் கேட்டதும் தண்ணீர் ஊற்றக் கூடாது என்று பலர் நினைக்கிறார்கள். மறுமுறை சார்ஜ் ஏறும் லித்தியம் அயனி பேட்டரியில் தனி உலோகமாக லித்தியம் மிகச் சொற்பமே இருப்பதால், மின் இணைப்பைத் துண்டித்துவிட்ட சிறு கருவிகளுக்குத் தாராளமான தண்ணீரே சிறந்த குளிர்விப்பான். பொடித் தீயணைப்பான் சுடரை அடக்கினாலும் செல்லைக் குளிர்விப்பதில்லை. எனவே அணைந்த பேட்டரி சில மணி நேரம் கழித்துக்கூட மீண்டும் பற்றிக்கொள்ளலாம்.

அறிகுறி: சார்ஜ் ஏறவே இல்லை

இங்கேதான் பெரும்பாலான புகார்கள் தொடங்குகின்றன. இவற்றில் பெரும்பகுதி பேட்டரிக்குத் தொடர்பே இல்லாதவை. வெளியிலிருந்து உள்ளே செல்லும் வரிசையில் சோதித்துக்கொண்டு வந்தால் குழப்பம் இருக்காது. முதலில் சார்ஜரை நலமென்று தெரிந்த இன்னொரு கருவியில் மாட்டிப் பார்க்க வேண்டும். பிறகு கேபிளை மட்டும் மாற்றிப் பார்க்க வேண்டும். யூஎஸ்பி கேபிள்கள் முள்ளின் கழுத்துப் பகுதியில் உள்ளுக்குள்ளேயே அறுந்துபோவதால் பார்வைக்கு நன்றாகவே தெரியும். அதன்பின் கருவியின் துளையை ஒளியில் பார்க்க வேண்டும். சட்டைப்பையின் பஞ்சு துளையின் அடியில் அழுந்திப் படிந்து கெட்டித்திருக்கும். முள் முழுவதும் நுழையாமல் நூலிழை அளவு வெளியே நிற்பதே அதற்கு அடையாளம். கருவியை அணைத்துவிட்டு மரக்குச்சியாலோ நெகிழிக் குச்சியாலோ அதைக் கிளறி எடுக்கலாம், குண்டூசி கூடாது.

இவை யாவும் சரியாக இருந்து, பேட்டரி கழற்றக்கூடியதாகவும் இருந்தால், அதன் முனைகளில் மல்டிமீட்டரை வைத்துப் பார்க்க வேண்டும். இங்கே கிடைக்கும் எண்ணே அடுத்த படியைத் தீர்மானிக்கும். பாதுகாப்புச் சுற்று உள்ள பேட்டரியில் சுழியம் காட்டினால் உள்ளிருக்கும் செல்லும் சுழியத்தில் இருக்கிறது என்று முடிவுகட்டிவிடக் கூடாது. மின்னழுத்தம் கீழ் வரம்பைத் தாண்டியதாலோ, எங்கோ குறுக்குச்சுற்று ஏற்பட்டதாலோ சுற்று வெளியிணைப்பைத் துண்டித்திருக்கலாம். உரிய சார்ஜரை இணைத்த சில நிமிடங்களில் பெரும்பாலான சுற்றுகள் தாமே விழித்துக்கொள்ளும். விழித்துக்கொள்ளவில்லை என்றால், அல்லது விழித்துவிட்டு மீண்டும் மீண்டும் துண்டித்துக்கொண்டே இருந்தால், அந்தச் சுற்று தன் வேலையைச் செய்துகொண்டிருக்கிறது என்று எடுத்துக்கொள்வதே முறை. அதைத் தாண்டி நேரடியாகச் செல்லில் கம்பியைத் தொட்டுச் சார்ஜ் ஏற்றுவது, ஃபியூஸ் எரிந்தது என்பதற்காக அந்த இடத்தில் ஆணியைச் செருகுவதற்கு ஒப்பானது.

வெப்பநிலையும் சார்ஜைத் தடுக்கும். பல பேட்டரிகளில் நேர்முனை, எதிர்முனை தவிர மூன்றாவதாக ஒரு முனை இருப்பது வெப்பவுணரிக்காகத்தான். சுழியம் பாகைக்குக் கீழேயோ ஏறத்தாழ 45 பாகைக்கு மேலேயோ இருந்தால் கருவி சார்ஜை ஏற்க மறுக்கும். குளிரில் மறுப்பதற்கு வலுவான காரணம் உண்டு. உறைநிலைக்குக் கீழே சார்ஜ் ஏற்றினால் லித்தியம் அயனிகள் எதிர்முனையிலுள்ள கிராஃபைட்டுக்குள் நுழைய நேரமின்றி அதன் மேற்பரப்பிலேயே உலோகமாகப் படிந்துவிடுகின்றன. வெளியே எந்த அடையாளமும் தெரியாது. சேதம் மட்டும் நிலைத்துவிடும். எனவே குளிர்ந்த பேட்டரியை அறை வெப்பநிலையில் ஓரிரு மணி நேரம் வைத்திருந்து, பிறகு சார்ஜ் ஏற்ற வேண்டும். அடுப்பருகே வைத்தோ முடி உலர்த்தியால் ஊதியோ அவசரப்படுத்தக் கூடாது.

அறிகுறி: நெடுங்காலம் கிடந்த பேட்டரி உயிர் பெறவில்லை

மேற்கண்ட சோதனையின் தொடர்ச்சியே இது என்றாலும் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. லித்தியம் அயனி செல் ஒன்று 3.0 வோல்ட்டுக்குச் சற்றுக் கீழே இருந்தால் முறையான சார்ஜர் தன் வழக்கமான மின்னோட்டத்தில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கை மட்டும் முதலில் செலுத்தும். செல் 3 வோல்ட்டை நெருங்கிய பின்னரே முழு மின்னோட்டத்துக்கு மாறும். இதில் ஆபத்து குறைவு. 2.5 வோல்ட்டுக்குக் கீழே இருக்கும் செல்லை எச்சரிக்கையோடு, அருகில் இருந்துகொண்டு மட்டுமே முயன்று பார்க்கலாம். 2 வோல்ட்டுக்கும் கீழே பல வாரங்கள் கிடந்த செல்லைக் கைவிட்டுவிடுவதே அறிவுடைமை. அத்தனை தாழ்ந்த மின்னழுத்தத்தில் எதிர்முனையின் செம்புத் தகடு மின்பகுளியில் கரையத் தொடங்குகிறது. மீண்டும் சார்ஜ் ஏற்றும்போது கரைந்த செம்பு கண்ட இடத்தில் படிந்து, செல்லுக்குள்ளேயே மெல்லிய குறுக்குச்சுற்றை உருவாக்கிவிடலாம். அத்தகைய செல் உடனே வெடித்துவிடாது. சார்ஜ் ஏறும், கருவி இயங்கும், எல்லாம் சரியாகிவிட்டது போலவே தோன்றும். ஆபத்து அதன் பிறகுதான் காத்திருக்கிறது.

மீட்டெடுத்த செல் நம்பத்தக்கதா என்று அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. முழுச் சார்ஜ் ஏற்றி, சார்ஜரைக் கழற்றி, ஒரு மணி நேரம் கழித்து மின்னழுத்தத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும், 4.20 வோல்ட் 4.16 அளவுக்கு இறங்கியிருந்தால் அது இயல்பே. பிறகு எதிலும் இணைக்காமல் எரியாத தளத்தில் ஒரு வாரம் வைத்திருந்து மீண்டும் அளக்க வேண்டும். நலமான செல் ஒரு மாதத்தில் இழப்பதே சில விழுக்காடுதான். ஒரு வாரத்தில் 0.1 வோல்ட்டோ அதற்கு மேலோ இறங்கியிருந்தால் உள்ளே மின்கசிவு இருக்கிறது. அந்தச் செல்லை மறுசுழற்சிக்கு அனுப்பிவிட வேண்டும்.

அறிகுறி: சார்ஜ் ஏறும்போது சூடாகிறது

சூடு எங்கே இருக்கிறது என்பதை விரலால் தடவிப் பார்ப்பதே முதல் வேலை. கேபிளின் முள்ளில் மட்டும் சூடு இருந்தால் அது தளர்ந்த தொடுமுனையின் மின்தடை. முள் கருத்தோ நெகிழி இளகியோ இருந்தால் கேபிளையும் துளையையும் மாற்ற வேண்டும். சார்ஜர் வெதுவெதுப்பாக இருப்பது இயல்பு. தொட முடியாத சூடு இயல்பல்ல. கம்பியில்லாச் சார்ஜிங்கில் வட்டத்தட்டும் கருவியும் சரியாக ஒன்றின்மேல் ஒன்று அமையாவிட்டால் ஆற்றலில் பெரும்பகுதி வெப்பமாகவே வீணாகும் என்பதால், நகர்த்தி வைத்துப் பார்க்க வேண்டும்.

சூடு பேட்டரியிலேயே இருந்தால் முதலில் புறக்காரணங்களை நீக்க வேண்டும். தலையணைக்கு அடியில், வெயில் படும் சன்னலோரத்தில், தடித்த உறைக்குள், விளையாட்டு ஓடிக்கொண்டிருக்கும் நிலையில் சார்ஜ் ஏற்றுவதையெல்லாம் நிறுத்திவிட்டு, கெட்டியான வெறுந்தளத்தில் வைத்து மறுபடி பார்க்க வேண்டும். அப்போதும் சூடு குறையவில்லை என்றால் காரணம் பெரும்பாலும் முதுமைதான். செல் முதிர முதிர அதன் அக மின்தடை கூடுகிறது. 2 ஆம்பியர் செல்லும்போது 0.05 ஓம் மின்தடையுள்ள செல் 0.2 வாட் வெப்பத்தையே வெளியிடும். அதே செல்லின் மின்தடை 0.2 ஓமாக உயர்ந்துவிட்டால் அதே மின்னோட்டத்தில் வெப்பம் 0.8 வாட்டாகிவிடும். குறைந்த ஆம்பியர் சார்ஜருக்கு மாறினால் இந்தச் சூடு வெகுவாகத் தணியும். மின்னோட்டத்தைப் பாதியாக்கினால் வெப்பம் நான்கில் ஒன்றாகக் குறையும். இருந்தாலும் இது காலத்தைத் தள்ளிப்போடும் ஏற்பாடே.

சார்ஜரைக் கழற்றிய பின்னும் சூடு ஏறிக்கொண்டே போனால் கதை வேறு. அது ஆபத்தான அறிகுறிகளின் வரிசையைச் சேர்ந்தது. புகைக்குச் சொன்னதே இதற்கும் பொருந்தும்.

அறிகுறி: 80 விழுக்காட்டுக்கு மேல் ஆமை வேகம்

இது பிழையே அல்ல. லித்தியம் சார்ஜர் முதலில் மாறாத மின்னோட்டத்தையும், செல் தன் மேல் வரம்பை எட்டியபின் மாறாத மின்னழுத்தத்தையும் தருகிறது. இரண்டாம் கட்டத்தில் மின்னோட்டம் படிப்படியாகத் தானே குறைந்துகொண்டு வரும். 80 விழுக்காட்டில் முற்றிலும் நின்றுவிட்டால் கருவியின் அமைப்புகளில் பேட்டரிப் பாதுகாப்பு வரம்பு இயக்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

அறிகுறி: 30 விழுக்காடு காட்டும்போதே அணைந்துவிடுகிறது

இதற்கு இரண்டு காரணங்கள் உண்டு; இரண்டையும் பிரித்தறிவது எளிது. அணைந்த கருவியைச் சார்ஜரில் மாட்டாமலேயே மீண்டும் இயக்கினால் அது எழுந்து, அதே 30 விழுக்காட்டையோ அதற்குச் சற்றுக் குறைவாகவோ காட்டுகிறதென்றால், குறை அக மின்தடையில் இருக்கிறது. ஓய்வில் 3.6 வோல்ட் காட்டும் முதிய செல்லின் மின்தடை 0.2 ஓம் என்று வைத்துக்கொண்டால், ஒளிப்படக் கருவியைத் திறக்கும் நொடியில் 3 ஆம்பியர் இழுக்கப்படும்போது மின்னழுத்தம் 3.0 வோல்ட்டுக்குச் சரிந்து, கருவி தன்னைக் காத்துக்கொள்ள அணைந்துவிடுகிறது. குளிரில் இது இன்னும் மோசமாகும். பேட்டரியை மாற்றுவதைத் தவிர இதற்கு வழியில்லை.

மாறாக, எழுந்தவுடன் 2 அல்லது 3 விழுக்காடு காட்டினால், கணக்குப் பிசகியிருக்கிறது. உள்ளே வந்த மின்னூட்டத்தையும் வெளியே சென்ற மின்னூட்டத்தையும் கூட்டிக் கழித்துத்தான் கருவி விழுக்காட்டைச் சொல்கிறது. சிறு பிழைகள் நாளடைவில் சேர்ந்துவிடுகின்றன. ஒருமுறை முழுச் சார்ஜ் ஏற்றி, அணையும்வரை பயன்படுத்தி, இடைநிறுத்தாமல் மீண்டும் முழுமையாக ஏற்றினால் கணக்கு நேராகிவிடும். இதை மாதந்தோறும் சடங்காகச் செய்வது நிக்கல் காட்மியம் காலத்துப் பழக்கத்தின் எச்சம். லித்தியம் செல்லுக்கு முழு இறக்கம் நன்மை செய்வதில்லை, தேய்மானத்தையே கூட்டுகிறது. இரும்பு பாஸ்பேட் பேட்டரிகளில் மட்டும் கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டும். அவற்றின் மின்னழுத்தம் நடுப்பகுதி முழுவதும் ஏறக்குறைய ஒரே அளவில் நிற்பதால் விழுக்காட்டுக் காட்டி எளிதில் தடுமாறும். அவ்வப்போது நூறு விழுக்காடு வரை ஏற்றிவிடுவது கணக்குக்கும் செல்களின் சமநிலைக்கும் நல்லது.

அறிகுறி: பெரிய பேட்டரி முழுச் சார்ஜ் காட்டுகிறது, ஆனால் பாதித் தூரமே ஓடுகிறது

மின்மிதிவண்டி, துளைக்கருவி போன்றவற்றில் வரும் புகார் இது. பத்து வரிசைகள் கொண்ட பேட்டரி ஒன்றை எடுத்துக்கொள்வோம். சார்ஜர் பச்சை விளக்கைக் காட்டிய பின் முனைகளில் அளந்தால் 41.2 வோல்ட் இருக்கிறது. 42 எங்கே, 41.2 எங்கே, பெரிய வேறுபாடில்லையே என்று தோன்றும். ஒவ்வொரு வரிசையிலிருந்தும் பாதுகாப்புச் சுற்றுக்குச் செல்லும் மெல்லிய சமன்செய் கம்பிகளில் வரிசை வரிசையாக அளந்தால் ஒன்பது வரிசைகள் 4.20 வோல்ட்டும் பத்தாவது மட்டும் 3.40 வோல்ட்டும் காட்டுகின்றன. கூட்டிப் பார்த்தால் அதே 41.2 தான். வண்டியை ஓட்டத் தொடங்கினால் அந்தப் பத்தாவது வரிசை சற்று நேரத்திலேயே கீழ் வரம்பைத் தொட்டுவிட, மற்ற ஒன்பதிலும் ஆற்றல் மிச்சமிருக்கும்போதே பாதுகாப்புச் சுற்று முழுப் பேட்டரியையும் நிறுத்திவிடுகிறது. மொத்த மின்னழுத்தத்தை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்வதில் உள்ள ஏமாற்று இதுதான்.

அளக்கும்போது மல்டிமீட்டரின் ஊசிமுனை வழுக்கி அடுத்தடுத்த இரண்டு முள்களைத் தொட்டுவிட்டால் கம்பியே உருகும்; எனவே ஊசியின் நுனியை மட்டும் விட்டுவிட்டு மீதியை டேப்பால் சுற்றிக்கொள்வதும், கையிலுள்ள மோதிரம், கடிகாரம் ஆகியவற்றைக் கழற்றிவிடுவதும் அவசியம். வேறுபாடு 0.05 வோல்ட்டுக்குள் இருந்தால் முழுச் சார்ஜுக்குப் பிறகும் உரிய சார்ஜரிலேயே சில மணி நேரம், பார்வையில் படும்படி விட்டுவைக்கலாம். சமன்செய்யும் மின்னோட்டம் பொதுவாகச் சில பத்து மில்லியாம்பியர்தான் என்பதால் அதற்குப் பொறுமை வேண்டும். மேற்சொன்னது போல 0.8 வோல்ட் வேறுபாடு இருந்தால் அது சமநிலைக் குறை அன்று, அந்த வரிசையே கெட்டிருக்கிறது. அதில் மட்டும் புதுச் செல்லைப் பொருத்தினால் பழையவற்றின் கொள்ளளவோடு அது ஒத்துப்போகாமல் சிக்கல் மீண்டும் தலைதூக்கும். செல்லின்மேல் நேரடியாக ஈயப்பற்று வைப்பதும் தவறு. அந்தச் சூடு உள்ளிருக்கும் படலத்தையும் அடைப்பு வளையத்தையும் கெடுக்கும். புள்ளிப் பற்றவைப்பு இயந்திரமும் பழக்கமும் உள்ளவர்களிடம் இந்த வேலையை விட்டுவிடுவதே சரி.

அறிகுறி: உருளைச் செல்லின் மேலுறை கிழிந்திருக்கிறது

18650 என்று வழங்கப்படும், 18 மில்லிமீட்டர் விட்டமும் 65 மில்லிமீட்டர் நீளமும் கொண்ட செல்லைக் கையில் எடுத்து நேர்முனைப் பக்கத்தை வெளிச்சத்தில் பார்த்தால் அதன் அமைப்பு விளங்கும். நடுவில் உள்ள சிறு குமிழ் மட்டுமே நேர்முனை. அதைச் சூழ்ந்துள்ள விளிம்பும், பக்கச்சுவர் முழுவதும், அடிப்பகுதியும் எதிர்முனை. இரண்டுக்கும் இடையே உள்ள இடைவெளி ஓரிரு மில்லிமீட்டர். அதன்மேல் அமர்ந்திருக்கும் மெல்லிய வளையமும் தாளினும் சற்றே தடித்த நெகிழி உறையும்தான் இரண்டையும் பிரித்து வைத்திருக்கின்றன. அந்த விளிம்பில் உறை நகக்கண் அளவு கிழிந்திருந்தால்கூட, சார்ஜரின் உலோகத் தகடோ சட்டைப்பையிலுள்ள சாவியோ இரு முனைகளையும் இணைத்துவிடலாம். பக்கவாட்டில் கிழிந்தது என்றால் ஆபத்து குறைவு என்று நினைப்பதும் தவறு. உலோகக் குழாய்க்குள் செல்லைப் பொருத்தும் கைவிளக்குகளில் அதுவும் போதும்.

கூட்டில் நசுங்கலோ துருவோ கசிவோ இல்லையென்றால், பழைய உறையை நெகிழிக் கருவியால் உரித்துவிட்டு, புது வளையம் வைத்து, வெப்பத்தில் சுருங்கும் புது உறையை மிதமான சூட்டில் இட்டுப் பயன்படுத்தலாம். நசுங்கியிருந்தால் உறை மாற்றுவதில் பொருளில்லை. இங்கே இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: இந்த அளவுள்ள நல்ல செல்களின் கொள்ளளவு பரவலாக 3,500 மில்லியாம்பியர் மணி அளவிலேயே நின்றுவிடுகிறது. உறையில் 6,800 என்றோ 9,900 என்றோ அச்சிட்டிருந்தால் சோதித்துப் பார்க்கவே வேண்டாம். எண்ணில் பொய் சொன்னவர் பாதுகாப்பில் மெய் சொல்லியிருப்பார் என்று நம்ப இடமில்லை.

அறிகுறி: நீரில் நனைந்தது, கீழே விழுந்தது

நனைந்த பேட்டரி உலர்ந்தபின் இயங்குவதைக் கண்டு நிம்மதி அடைந்துவிடக் கூடாது. உட்புகுந்த நீர், குறிப்பாக உப்புநீர், சுற்றுப்பலகையின் தடங்களுக்கு இடையே அரிப்பையும் உப்புப் படிவையும் விட்டுச்செல்கிறது. அது மெல்ல வளர்ந்து குறுக்குச்சுற்றாக மாறி, நாள்களோ வாரங்களோ கழிந்த பிறகுகூடத் தீயை மூட்டலாம். வெள்ளத்தில் மூழ்கிய மின்வாகனத்தையும் அதன் பேட்டரியையும் கட்டடத்துக்கு அருகில் நிறுத்தாமல் வெட்டவெளியில் தள்ளி நிறுத்தச் சொல்வது இதனால்தான். அரிசிப் பானைக்குள் புதைப்பது நீரை ஓரளவு உறிஞ்சலாம். அரிப்பை அது தொடுவதில்லை. பலமாக விழுந்த பேட்டரியில் நசுங்கல் தெரிந்தால் அத்தோடு விட்டுவிட வேண்டும். தெரியாவிட்டால் ஒரு நாள் தனியே வைத்துச் சூடும் உப்பலும் தோன்றுகின்றனவா என்று கவனித்த பிறகே சார்ஜரில் இட வேண்டும்.

எடுத்து வைப்பதும் அப்புறப்படுத்துவதும்

பல மாதங்கள் பயன்படுத்தப்போவதில்லை என்றால் 40 முதல் 60 விழுக்காட்டுச் சார்ஜோடு குளிர்ந்த, உலர்ந்த இடத்தில் வைக்க வேண்டும். சாதாரண லித்தியம் அயனி செல்லுக்கு அது ஏறத்தாழ 3.7 முதல் 3.85 வோல்ட். முழுச் சார்ஜும் சூடும் சேர்ந்தால் செல் விரைவாக முதிரும். வெறுமையாக விட்டால் மேலே சொன்னபடி செம்பு கரைவதற்கு வழி திறக்கும். மூன்று மாதங்களுக்கு ஒருமுறை அளந்து பார்த்தால் போதுமானது.

விமானப் பயணத்தில் கூடுதல் பேட்டரிகளையும் பவர் பேங்குகளையும் கைப்பையில் மட்டுமே எடுத்துச் செல்ல வேண்டும். 100 வாட் மணி வரை பொதுவாகத் தடையில்லை. 100 முதல் 160 வரை விமான நிறுவனத்தின் ஒப்புதல் தேவை. பெயரளவு வோல்ட்டை ஆம்பியர் மணியால் பெருக்கினால் வாட் மணி கிடைக்கும்: 3.7 வோல்ட்டில் 20,000 மில்லியாம்பியர் மணி என்றால் 74 வாட் மணி. சில நிறுவனங்கள் இதைவிடக் கடுமையான விதிகளை வைத்திருப்பதால் பயணத்துக்கு முன் கேட்டுக்கொள்வது நல்லது.

உயிர் போன பேட்டரியை வீட்டுக் குப்பையில் போட்டால், குப்பை வண்டியின் அழுத்தும் பொறியில் அது நசுங்கித் தீப்பிடிக்கும். உப்புநீரில் ஊறவைத்து இறக்கிவிடலாம் என்று சொல்லப்படுவதை நம்ப வேண்டாம். முனைகள் முதலில் அரித்துப்போய் இறக்கமே நின்றுவிட, செத்துவிட்டதாகத் தோன்றும் செல்லுக்குள் ஆற்றல் மிச்சமிருக்கும். ஒவ்வொன்றின் முனைகளிலும் டேப் ஒட்டி மின்கழிவுச் சேகரிப்பு மையத்தில் கொடுக்க வேண்டும். உப்பியதும் நனைந்ததும் நசுங்கியதுமான பேட்டரிகளை அஞ்சலிலோ கூரியரிலோ அனுப்பக் கூடாது. அவற்றைக் கொண்டுசெல்லுமுன் மையத்தாரிடம் நிலைமையைத் தெரிவித்துவிட்டால், மற்ற பேட்டரிகளோடு கலந்துவிடாமல் அவர்கள் தனிக்கலத்தில் வாங்கி வைத்துக்கொள்வார்கள்.